சிப்பாய்க்கு ஒரு தட்டு

“மணி எட்டே முக்கால்தான் ஆகுது. பத்து மணிக்கு மேல வாங்க” என்றாள் அருணா, கேட்டைத் திறக்காமலே.

வெளியே நின்றவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். தேய்த்துப் போட்ட வெள்ளைச் சட்டை.

“பொன்னமராவதியிலேருந்து மொத பஸ்ஸுல வாரேம்மா. போன்ல படம் போட்டிருந்தீங்களே, அந்தக் கெழட்டு நாய். அதைக் கேட்டு வந்தேன்.”

அருணா திறந்துவிட்டாள். திருமயம் சாலையோரம் இந்த நாய்க் காப்பகத்தை அவள் நடத்தத் தொடங்கி ஆறு வருடம். கிழட்டு நாயைக் கேட்டு இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

“குட்டி மூணு இருக்குண்ணே. பாக்குறீங்களா?”

“வேணாம்மா.”

“கறுப்புல ஒண்ணு, ரொம்ப வெவரமானது.”

“வெவரம் எனக்கு எதுக்கு? அது எங்கிட்டு இருக்கு?”

கடைசிக் கூண்டில் இருந்தது. செவலை நாட்டு நாய். முகம் முழுக்க நரைத்திருந்தது. இரண்டு பேர் வந்து நின்றும் தலையைத் தூக்கவில்லை. அதன் முன்னால் தரையில் போட்ட கோழிச் சோறு காய்ந்து கிடந்தது.

“நாலு நாளாப் பட்டினி. முட்டை, ஈரல் எல்லாம் வச்சுப் பாத்தாச்சு. மோந்துகூடப் பாக்கல. இன்னும் ரெண்டு நாள் தாங்குனாப் பெருசுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. தூக்கிட்டுப் போயி நாளைக்கே குழி வெட்டப் போறீங்களா?”

அவர் கூண்டுக்கு இன்னும் அருகில் போனார்.

“பல்லு பாதிதான் மிச்சம். கொரைக்கக்கூட மாட்டேங்குது. காவலுக்குன்னாச் சொல்லுங்க, வேற தர்றேன்.”

“எங்கிட்ட காவக் காக்க என்னம்மா இருக்கு?” அவர் குனிந்து தரையைப் பார்த்தார். “எல்லா நாய்க்கும் இப்படிக் கீழதான் போடுவீங்களா?”

“நாப்பத்திரண்டு நாய் இருக்கு. எல்லாத்துக்கும் வாழையெலையா விரிக்க முடியும்?”

“தட்டு ஒண்ணு குடுங்களேன்.”

“எதுக்கு, நீங்க சாப்பிடவா?”

அவர் சிரிக்கவில்லை. அருணா உள்ளே போய், காலையில் தான் இட்லி சாப்பிட்டுக் கழுவி வைத்த தட்டில் சூடான சோறும் கறியும் போட்டுக் கொண்டுவந்தாள். அவர் கூண்டுக்குள் நுழைந்து தட்டை நாயின் முன்னால் வைத்தார். இரண்டடி பின்னால் வந்து கைகட்டி நின்றார்.

“சிப்பாய், சாப்பிடுங்க.”

நாய் தலையைத் தூக்கியது. அவரைப் பார்த்தது. தட்டைப் பார்த்தது. முன்கால்களை ஊன்றி, நடுங்கி எழுந்தது. பிறகு தின்னத் தொடங்கியது.

தட்டு காலியானது.

“தரையில கெடக்குறதத் தொடாதும்மா. பட்டினி கெடந்து செத்தாலும் தொடாது. தட்டுல வைக்கணும், மரியாதையாக் கூப்பிடணும். இத வளத்த செட்டியார் அப்படிப் பழக்கியிருந்தாரு.”

அருணாவின் முகம் இறுகியது.

“அப்படின்னா அந்த வீட்டு ஆளுதான் நீங்க. செட்டியார் காரியம் முடிஞ்ச கையோட வீட்டைப் பூட்டிட்டு, இத வாசல்ல விட்டுட்டுக் கெளம்பிட்டீங்க. மூணு நாள் பூட்டுன கதவையே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சாம். ஊர்க்காரங்கதான் தூக்கிட்டு வந்தாங்க. விட்டுட்டுப் போனவங்க கையில நான் திருப்பித் தர்றதில்லண்ணே. அழுதாலும் தர மாட்டேன்.”

“நான் பூட்டலம்மா. அந்த வீட்டுக்குள்ள ஒரே ஒரு தடவைதான் போயிருக்கேன்.”

“ஒரு தடவை போனவருக்கா அது எப்படித் திங்கும்னு தெரியும்?”

நாய் மெல்ல நடந்து அவரிடம் வந்தது. இடது கணுக்காலில் மூக்கை வைத்து வெகுநேரம் மோந்தது. பிறகு அந்தப் பாதத்தின் மேலேயே தலையைச் சாய்த்துப் படுத்துவிட்டது.

அருணாவின் கோபம் இறங்கியது.

“கண்ணு மங்கியும் ஆளை மறக்கல பாருங்க” என்றாள். விண்ணப்பத் தாளை எடுத்தாள். “பேரு?”

“சின்னையா.”

“வேலை?”

“அரிசி மில்லுல மூட்டை தூக்குறேன்.”

“வீட்டுல வேற யாரு?”

“நான் மட்டுந்தான். இது வந்தா ரெண்டு பேரு.”

அருணா பேனாவை நிறுத்தினாள். “இப்பவாவது உண்மையச் சொல்லுங்க. சொல்லலேன்னா நாய் கெடையாது. செட்டியார் வீட்டு வாட்ச்மேன்தானே நீங்க?”

அவர் கேட்டைப் பார்த்தார். சொல்லாமலே போய்விடலாமா என்று யோசிப்பவர் போலிருந்தது. ஆனால் நாயின் தலைக்கு அடியிலிருந்த காலை அவர் அசைக்கவில்லை.

“வாட்ச்மேன் ஒரு பாட்டிலுக்கு மடங்கிட்டாம்மா. பதினோரு நாள் எதுத்த புளியமரத்துல உக்காந்து வீட்டை நோட்டம் பாத்தேன், மருந்து வச்ச கறிய சுவத்துக்கு மேல வீசுனேன், இது தொடல. பன்னெண்டாம் நாள் உள்ள குதிச்சேன், போலீஸ் வர்ற வரைக்கும் இந்தக் காலை விடல. மூணு வருசம் ஜெயில்ல கெடந்தேன், இவ்வளவு யோக்கியமான ஒரு ஆளை அங்கிட்டும் பாக்கல, வெளிய வந்தும் பாக்கல... எனக்குத் தருவீங்களாம்மா?”