புள்ளி இல்லாத வீடு

ஊரில் யார் எங்கே இருந்தாலும் எவன் கைபேசியிலும் புள்ளியாகத் தெரிந்துவிடுகிற காலம் அது. குவாரித் திருட்டைப் பத்திரிகையில் எழுதிவிட்டு மிரட்டலுக்குப் பயந்துகொண்டிருந்த பிலோமினா, பாதுகாப்புக் கருவி விற்கும் கடையில் இருந்ததிலேயே உசத்தியானதைக் கேட்டாள்.

“இதை மாட்டுங்கக்கா. எந்தக் கொம்பனாலயும் உங்க புள்ளியைப் பார்க்க முடியாது” என்றான் கடைக்காரன்.

அவன் சொன்னது பொய்யில்லை. ஊரின் மறுகோடியில் வீடு பிடித்து, நிம்மதியாகத் துணி துவைத்துக் காயப்போட்டாள். சாயங்காலமே குவாரி ஆட்கள் கதவைத் தட்டினார்கள்.

“எப்படிய்யா கண்டுபிடிச்சீங்க?”

“ஊர்லயே புள்ளி இல்லாத வீடு நாலுதான் மேடம். அதுல இங்க மட்டும்தான் கொடியில ஈரத்துணி தொங்குது.”