ஹிடெமாக்களின் முக்காலி

அன்று கடல் அணைமேல் இருந்தவர்கள் ஐந்து பேர்: எங்கள் வானநோக்குக் கழகத்தின் தலைவி ஔக்யெ, நேரம் குறிக்கும் ரொட்டிக்கடை ஷூர்ட், என் மகன் ரைண்டர், அவனிடமிருந்து மணவிலக்குப் பெற்ற நிங்க்கெ, நான்.

ஆறாவதாக யாரும் இல்லை. ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவை பேச்சைப் பரப்புவதில்லை.

நவம்பர் மதியம். புதன் கோள் சூரியனின் முகத்தைக் கடக்கப் போகிறது. அடுத்த முறை கடப்பது பதின்மூன்று ஆண்டுகள் கழித்து. அப்போது எனக்குத் தொண்ணூற்று நான்கு வயது.

தொலைநோக்கி என் தந்தை செய்தது. அதன் ஆடியை எங்கள் சமையலறை மேசையில் வைத்து, இரண்டு குளிர்காலம் தேய்த்தார். எங்கள் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் இதைவிடப் பெரியவை உண்டு. இதைவிட நேர்மையானது இல்லை.

கழகத்தில் ஒரு வழக்கம். புதன் சிறு கரும்புள்ளியாக வந்து, சூரியனின் விளிம்புக்குள் முழுதாக நுழையும் நொடியில், எங்கள் தொலைநோக்கியின் முன் முக்காலியில் உட்கார்ந்திருப்பவர் குரல் கொடுப்பார். ஷூர்ட் கடிகாரத்திலிருந்து கண் எடுக்காமல் "யார் கண்?" என்று கேட்பான். குடும்பப் பெயரைச் சொல்ல வேண்டும்.

என் தந்தை காலம் முதல் அதற்கு ஒரே பதில்தான், எங்கள் பெயர். ஹிடெமா.

இந்த முறை முக்காலியை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். யாருக்கு என்று சொல்லவில்லை. அதைக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ரைண்டர் ராட்டர்டாமிலிருந்து புதிய நீல மேலங்கியில் வந்திருந்தான். மகனைப் பற்றி வெளியாரிடம் குறை சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. நான்கு ஆண்டுகளாக அவன் இந்த அணைமேல் ஏறியதில்லை என்பது குறை அல்ல, தகவல்.

"என்ன ரைண்டர், ராட்டர்டாம்ல சூரியனே கிடையாதா? இவ்வளவு தூரம் வந்திருக்க?" என்றாள் ஔக்யெ, காபி ஊற்றிக்கொண்டே.

"இருக்கு அத்தை. வாடகைதான் ஜாஸ்தி."

எல்லோரும் சிரித்தார்கள். நிங்க்கெகூட.

மணவிலக்கு முடிந்த வாரம் அவள் தொலைநோக்கிக் கொட்டகையின் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். பெயரைப் பழையபடி போஸ்ட்மா என்று மாற்றிக்கொண்டிருந்தாள். சாவியைக் கொடுக்கும் முன் உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஆடியில தூசி படிஞ்சிருக்கே மாமா. துடைச்சுட்டுத் தரேன்" என்றாள்.

சாவி இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு வசந்தத்திலும் ஆடியைக் கழற்றி, காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சை அதன் சொந்த எடையில் மட்டும் இழுத்து, அழுத்தாமல் துடைக்கிறாள். என் தந்தை துடைத்தது அப்படித்தான்.

நான் கருப்புத் துணியைத் தலைமேல் இழுத்துக்கொண்டு சூரியனைப் பார்வைக்குள் கொண்டுவந்தேன். ஒளி வடிகட்டியின் வழியே ஆரஞ்சு வட்டம். அதன் விளிம்பு கொதிநீர்போல் நடுங்கியது. மேகம் ஒன்று வந்து, தயங்கி, போனது.

நேரம் நெருங்கியது. துணியை விலக்கி எழுந்தேன். வெயில் முகத்தில் அடித்தது.

ரைண்டர் கையுறையைக் கழற்றினான்.

நான் கை நீட்டி, நிங்க்கெயின் முழங்கையைப் பிடித்து, முக்காலியில் உட்கார வைத்தேன். துணியை அவள் தலைமேல் போட்டேன்.

ஔக்யெ ஊற்றிய காபி கோப்பையைத் தாண்டி வழிந்தது.

ரைண்டர் பக்கத்தில் இருந்த கழகத்தின் தொலைநோக்கிக்குப் போனான். சற்று நேரத்தில், "இப்ப!" என்று கத்தினான்.

ஷூர்ட் நிமிரவே இல்லை. "கண் வைக்கிற வில்லையத் திருப்பிப் பாருடா."

திருப்பினான். புள்ளியும் கூடவே சுற்றியது. சூரியன்மேல் இருப்பது வில்லையோடு சுற்றாது. வில்லையில் இருந்த தூசி அது.

தூசியைக் கோள் என்று கூவுவது யாருக்கும் நேரக்கூடியது. ஹிடெமாக்களுக்கு அதுவரை நேர்ந்ததில்லை.

கருப்புத் துணிக்குள் அசைவே இல்லை.

புள்ளி உள்ளே வந்த பிறகும் விளிம்பை விடாமல், துளிபோல் ஒட்டிக்கொண்டு நிற்கும் ஒரு கணம் உண்டு. வந்துவிட்டது என்று தோன்றும். வந்திருக்காது. அவசரக்காரர்கள் அங்கேதான் கத்துவார்கள். நானே ஒருமுறை உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டேன்.

அவள் காத்திருந்தாள்.

"இப்ப" என்றாள் பிறகு. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல்.

"யார் கண்?" என்றான் ஷூர்ட், பழக்கத்தில். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தான்.

போஸ்ட்மா என்று சொன்னால் முக்காலி அவளுடையது அல்ல. ஹிடெமா என்று சொல்ல அவளுக்கு உரிமை இல்லை. ரைண்டர் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஹிடெமா" என்றேன் நான். "எழுதிக்கோ ஷூர்ட்."

எழுதினான். கணித்துச் சொல்லப்பட்ட நேரத்தோடு ஔக்யெ அதை ஒப்பிட்டுப் பார்த்தாள். அவள் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் இவ்வளவு நெருங்கி யாரும் சொன்னதில்லை, என் தந்தையையும் சேர்த்து.

ஊரில் இப்போது ஒரு பேச்சு நடமாடுகிறது. இரக்கத்தோடுதான் பேசுகிறார்கள். பெரியவருக்குக் கண் மங்கிவிட்டதாம். இருட்டுத் துணியிலிருந்து வெயிலுக்கு வந்தவர், மகனின் கை என்று நினைத்து மருமகளின் கையைப் பிடித்துவிட்டாராம். பிறகு தவறை ஒப்புக்கொள்ளக் கூச்சப்பட்டு, ஹிடெமா என்று சமாளித்துவிட்டாராம்.

அது பொய்.

வெயில் தெளிவாக இருந்தது. ரைண்டர் என் கைக்கு எட்டும் இடத்தில், நீல மேலங்கியில், கையை நீட்டியபடி நின்றான். நிங்க்கெ அவனுக்குப் பின்னால் நின்றாள்.

நான் இருவரையும் நன்றாகப் பார்த்தேன்.