வியாழக்கிழமை அப்டேட்

“எழுபத்து மூணு” என்றார் ஒஸ்மோ, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு. “போன வாரம் அறுபத்தெட்டு. ஏறிக்கிட்டே போகுது ரைலி.”

ரைலி மடியிலிருந்த கையுறைகளைப் பிசைந்தார். “ஆபத்தா?”

“பன்னெண்டு சிவப்புல நிக்குது. இதெல்லாம் தள்ளிப்போடுற விஷயமா?”

நோயாளி, ரைலியின் பழைய லேப்டாப். பின்லாந்தின் தம்பெரே நகரில் ஒரு கிளை நூலகத்தில் வியாழன்தோறும் கணினி உதவி மேசை போட்டு உட்காருபவர் ஒஸ்மோ. இலையுதிர்காலத்தில் ரைலி அந்த லேப்டாப்பைக் குப்பையில் போடத்தான் எடுத்து வந்தார். ஒஸ்மோதான் பிடுங்கி வைத்து, யாரும் காசு கேட்காத ஒரு புத்தம் புதிய இயங்குதளத்தை அதில் ஏற்றிக் கொடுத்தார்.

எழுபத்து மூன்று என்பது அதில் இன்னும் ஏறாமல் நிற்கும் அப்டேட்டுகள்.

இத்தனைக்கும், அவை தாமாகவே ஏறிக்கொள்ளும்படி ஒவ்வொரு வாரமும் ரைலியின் கண் முன்னாலேயே ஒரு பொத்தானைப் போட்டுவிடுவார் ஒஸ்மோ. ஒவ்வொரு வாரமும் அது அணைந்தே வந்தது. கை பட்டிருக்கும், விடுங்கள் என்பார் ஒஸ்மோ. ரைலி தனியாக வசிக்கும் பெண்மணி. அந்த வீட்டில் வேறு கை கிடையாது.

ஒஸ்மோவுக்கு இந்த இயங்குதளம் கிட்டத்தட்ட மதம். அப்டேட் செய்யாமல் இணையத்துக்குள் போகிறவர்களை, பல் விளக்காமல் முத்தம் கொடுக்கிறவர்களோடு சேர்த்துத்தான் பேசுவார். ஒவ்வொரு அப்டேட்டையும் கல்யாணப் பத்திரிகை போலப் பெயர் பெயராக வாசிப்பார். இந்த ஓட்டையை அடைத்தது பெர்கனில் ஒரு கணக்கு டீச்சர், இதை லிஸ்பனில் ஒரு பல் மருத்துவர், எவருக்கும் சம்பளம் கிடையாது. ரைலிக்குப் பாதி புரியாது. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கப் பிடிக்கும்.

எல்லாம் ஏறி முடிந்ததும், கடைசியாக ஒரு தடவை சரிபார்த்து வைக்கிறேன் என்று சொல்லி ரைலியைக் காபி வாங்க மாடிக்கு அனுப்புவார். ஏலக்காய் பன் இரண்டு அவர் பையிலேயே இருக்கும். அந்த மேசைக்கு வேறு யாரும் வருவதில்லை என்பதால் சாவகாசமாகவே சாப்பிடுவார்கள்.

இன்று பன் வெளியே வருவதற்குள் ரைலி பேச ஆரம்பித்துவிட்டார்.

“இந்த வாரம் இதை நான் திறக்கவே இல்ல, ஒஸ்மோ. துணி அலமாரியில வெச்சுப் பூட்டிட்டேன். சாவி என் கழுத்துலயே கெடந்துச்சு. அப்பவும் அணைஞ்சிருக்கு.”

புது இயங்குதளம், அது அப்படித்தான் ஏதாவது பண்ணும் என்று ஒஸ்மோ முணுமுணுத்தார். அதைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் குறை அது.

“அதும்மேல பழி போடாதீங்க. நான்தான் எடுத்திருக்கேன், நான்தான் அணைச்சிருக்கேன். எடுத்ததே ஞாபகமில்ல.”

கணவர் காலெவிக்கும் இப்படித்தான் தொடங்கியது என்றார். முதலில் சௌனா என்கிற நீராவிக் குளியலறையின் அடுப்பை அணைக்க மறந்தார், பிறகு வீட்டுக்கு வரும் வழியை, கடைசி மாதங்களில் ரைலியின் பெயரை. அவரைப் புதைத்து இரண்டு குளிர்காலம் ஆகிறது.

திங்கட்கிழமைக்கு ஞாபகமறதி மருத்துவரிடம் நேரம் வாங்கியாயிற்று. மருத்துவர் என்ன சொன்னாலும் சரி, வீட்டை விற்றுவிட்டு வடக்கே ஓலு நகரில் இருக்கும் மகனிடம் போய்விடுவதாக நேற்றே தொலைபேசியில் சொல்லியுமாயிற்று. தரகர் நாளைக் காலை வருகிறார்.

“அதனால இன்னிக்கு எல்லாத்தையும் ஏத்திக் குடுத்துடுங்க. இனிமே நான் வர மாட்டேன்.”

திரையில் பட்டை நாற்பதைத் தாண்டி ஊர்ந்தது. ஒஸ்மோ இந்தத் தடவை ஒரு பெயரையும் வாசிக்கவில்லை. ஐம்பது. அறுபது. சௌனாவிலிருந்து எழுந்து வந்தவர் போல அவர் காது மடல்கள் சிவந்திருந்தன. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

“டாக்டர் வேணாம் ரைலி” என்றார், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். “நீங்க காபிக்குப் போனதும் அந்தப் பொத்தானை அணைக்கிறது நான்தான்.”