பதினாலு புள்ளி ஏழு

"லிட்டருக்குப் பதினேழு குடுத்த வண்டி, இப்ப ஒம்போது குடுக்குது! இது காரா, கள்ளுக்கடையா? வர்ற ஞாயித்துக்கிழமை பழைய இரும்புக்குப் போட்டுருவேன். ஆளுக்குச் சொல்லியாச்சு!"

எங்கப்பா பங்கிராஸ் சொன்னா சொன்னதுதான். முப்பது வருஷம் பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவர். கார் அவர் பேர்ல இருக்கு, உசிரு வச்சிருக்கிறவன் நான்.

"இன்ஜின் மேல அபாண்டமாப் பேசாதீங்கப்பா. நிரூபிச்சுக் காட்டுறேன் பாருங்க!"

ரோஷத்துல ஆன்லைன்ல வைட்பேண்ட் ஆக்சிஜன் மீட்டர் ஒண்ணு வரவழைச்சேன். சைலன்சர் குழாய்ல சென்சாரைத் திருகி வச்சாப் போதும். புகையை மோந்து பாத்தே, இன்ஜின் பெட்ரோல அளவாக் குடிக்குதா, மொடாக்குடி குடிக்குதான்னு டேஷ்போர்டுல நம்பராக் காட்டிரும். ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பதினாலு புள்ளி ஏழு பங்கு காத்துன்னு வந்தா இன்ஜின் உத்தமன்.

இலுப்பூர்ல வெல்டிங் வேலைய முடிச்சுட்டு, திங்கக்கிழமை சாயங்காலம் ஒயரிங் வேலைக்கு வீட்டு வாசல்ல உக்காந்தேன். எம் பொண்டாட்டி ஸ்வீட்டிதான் டார்ச் பிடிச்சா.

"ஏங்க, இது பெட்ரோல் கணக்க மட்டுந்தானே காட்டும்? வேற எதையும் போட்டுக் குடுத்துறாதே?"

"அம்புட்டுத்தான்."

"அப்பாடா!"ன்னா. எதுக்கு அப்பாடான்னு எனக்கு அப்ப வெளங்கல.

செவப்பு ஒயர, சாவி போட்டா கரண்டு வர்ற எடத்துல குடுக்கணும். நான் ஆர்வக்கோளாறுல ஹாரன் ஒயர்ல குடுத்துத் தொலைச்சேன். ஹாரன் அடிச்சாத்தான் மீட்டர் எரியுது! நானும் விடாம அடிக்கிறேன், ஆவூர்ல பாதிப்பேரு வாசலுக்கு வந்துட்டாங்க. "என்ன ராபின், பொண்ணு மாப்பிள்ளை வாராங்களா?"ன்னு கேலி வேற.

ஒரு வழியா ஒயர மாத்திக் குடுத்து, சாவியத் திருகி, இன்ஜின ஸ்டார்ட் பண்ணி... ரெண்டு நிமிஷம் பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

14.7!

"உத்தமன்ப்பா! எங்கார் உத்தமன்!"ன்னு தெருவுல குதிச்சேன்.

அப்பா மீட்டரக் குனிஞ்சு பாத்தார். "சரி, இன்ஜின் யோக்கியம். அப்ப பெட்ரோல யாரு குடிச்சா? நானா?"

ஞாயித்துக்கிழமைக் கெடு மட்டும் அசையவே இல்ல. எனக்கு அழுகையே வந்துருச்சு.

மீட்டரோட வந்த தாளைப் புதன்கிழமைதான் முழுசாப் படிச்சேன். இன்ஜின் எப்ப ஓடுச்சுங்கிறதையும் அது போன்ல ஏத்திருமாம்! திறந்து பாத்தா பகீர்னுச்சு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூணு மணியிலேர்ந்து மூணே முக்கா வரைக்கும் கார் ஓடியிருக்கு. அந்நேரம் நான் இலுப்பூர்ல வேலையில இருந்தேன். அப்பா அவரோட ரிட்டயர்டு டிரைவர் சங்கத்துல.

"எவனோ கள்ளச்சாவி போடுறான்டா!"ன்னு அப்பா வேட்டிய மடிச்சுக் கட்டினார். "செவ்வாயும் வியாழனும் எனக்குச் சங்கம்னு தெரிஞ்சு வச்சிருக்கான். நாளைக்கிப் பிடிச்சுக் கால ஒடிக்கிறேன்!"

வியாழக்கிழமை நான் லீவு போட்டேன். வெளிய போற மாதிரி போயி, தெருமுக்குல வைக்கோல்போருக்குப் பின்னால ரெண்டு பேரும் ஒளிஞ்சோம்.

சரியா மூணு மணி. கார் வெளிய வந்துச்சு. இடது பக்கம் ஸ்வீட்டி! ஸ்டியரிங் பக்கம் ஆளையே காணோம்!

"சேசு மரி சூசையே!"ன்னு அப்பா சிலுவை போட்டார்.

கார் ஆடி அசைஞ்சு, தண்ணியில்லாத கம்மாய்க்குள்ள எறங்குச்சு. தொரத்திக்கிட்டு ஓடுனோம். ஓடவே வேணாம், நடந்தே பிடிச்சுறலாம்னு கொஞ்ச நேரத்துலயே தெரிஞ்சுபோச்சு.

"ஃபர்ஸ்ட் கியர்லயே உருட்டுறான் பாருடா கொலகாரப்பய! ஒம்போது குடுத்ததே பெருசு!"ன்னு அப்பா வேகமா நடந்து, காரத் தாண்டிப் போயி, குறுக்க நின்னு கையக் காட்டுனார்.

ஒரு சாண் இருக்கையில கார் குலுங்கி நின்னுச்சு. கண்ணாடி எறங்குச்சு.

எங்கம்மா அருள்ராணி! நாலரை அடி ஒசரம், பின்ன எங்கிட்டுத் தலை தெரியும்?

அப்பா கேட்ட மொதக் கேள்வி: "செகண்ட் கியர்னு ஒண்ணு இருக்குறது ஒனக்குத் தெரியாதா?"

"அது அடுத்த வாரந்தான்னு மருமக சொல்லிருக்கா."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. ஸ்வீட்டி சீட்டுக்குக் கீழ தலையக் குனிஞ்சுக்கிட்டா.

"இந்த வயசுல இதெல்லாம் ஒனக்கு எதுக்குடி?"ன்னு அப்பா கத்துனார்.

அம்மா ஸ்டியரிங்க விடவே இல்ல.

"கடலோரமா மீமிசல் ரூட்டுல பதினோரு வருஷம் பஸ் ஓட்டியும், ரோட்ட விட்டுக் கண்ண எடுத்துக் கடல ஒரு நாள் பாத்ததில்லன்னு சொன்னீங்கள்ல? ஊர் சனத்தையெல்லாம் உக்கார வச்சு நீங்க ஓட்டுனீங்க. ஒரு தடவையாச்சும் ஒங்கள ஜன்னலோரம் உக்கார வச்சு, நான் ஓட்டிட்டுப் போகணும்னு ஆச."

அப்பா அங்கிட்டுச் சுத்திப் போயி, ஸ்வீட்டியப் பின் சீட்டுக்குப் போகச் சொல்லிட்டு, இடது பக்கம் ஏறி உக்காந்தார். கண்ணாடிய எறக்கி விட்டுட்டுப் போனை எடுத்தார்.

"இரும்புக்கடைத் தம்பியா? ஞாயித்துக்கிழமை வராதப்பா. என்னையக் கடல் பாக்கக் கூட்டிட்டுப் போறாங்க... இல்லப்பா, காலையில கெளம்புறோம், ஃபர்ஸ்ட் கியர்லதான் போறோம், போய்ச் சேர ராத்திரி ஆயிரும்!"