ஆரஞ்சு மூடி

பெண் பார்க்க வந்தவர்கள் கிளம்பியதும் குளியலறையில் அந்த ஊசி கிடந்தது. பார்த்தவுடனே சுயம்புராஜுக்குத் தெரிந்துவிட்டது. இருபது வருஷம் குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரி ஸ்டோரில் இருந்துவிட்டுப் போன மாசம்தான் ஊர் திரும்பியவர். ஆரஞ்சு மூடி, தலைமுடி போல ஊசி. இன்சுலின் சிரிஞ்சு.

உடனே மாப்பிள்ளைப் பையன் அனீஷுக்குப் போன் போட்டார்.

"தம்பி, பாத்ரூம்ல கெடந்த இன்சுலின் ஊசி உமக்கதா?"



"ஆமா மாமா, எனக்கதுதான்."

"சீக்க மறைச்சுட்டா பொண்ணு கேட்டு வந்தீரு? வெக்கமா இல்லியா? இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். மகள் சுபிதா நின்றிருந்தாள். அவர் கையிலிருந்த சிரிஞ்சை வாங்கி மூடியை இறுக்கினாள்.

"இது எனக்கதுப்பா. மூணு வருஷமா போடுதேன். நீங்க அங்க கெடந்து வெசனப்படுவீங்கன்னு அம்மா சொல்ல விடல."

"அப்போ அந்தப் பையன் எதுக்கு..."

"தனியாப் பேசும்போது அவருகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அப்பாவுக்கு இன்னும் தெரியாதுன்னும் சொன்னேன்."

சுயம்புராஜ் மறுபடி அதே நம்பரை அழுத்தினார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"சொல்லுங்க மாமா."

"தம்பி, சம்பந்தம் வேண்டாம்னு நான் சொன்னத மறந்துரும்."