கேட்டைத் திறந்த தலைவர்

கொசு மருந்துக்காரர் எப்போது வந்தாலும் குடியிருப்போர் சங்கத் தலைவர் கேட்டிலேயே மறித்துவிடுவார். மைக் ஒன்றுதான் குறை; மற்றபடி அது பொதுக்கூட்டமேதான். "இது விஷம்! என் பிணத்தைத் தாண்டித்தான் உள்ள போகணும்!"

இன்று அவரே கேட்டைத் திறந்துவிட்டார்.

"என்ன தலைவரே, விஷம் அமிர்தமாயிடுச்சா?" மருந்துக்காரர் சிரித்தார்.

"எங்க வீட்டுல எல்லா ரூம்லயும் அடிப்பா."

"மேலிடத்துல நல்லா டோஸ் விட்டாங்களோ?"

தலைவர் கேட்டை இன்னும் அகலமாகத் திறந்தார். அதுவே அதிசயம்.

"சரி, சாப்பாடு, தண்ணியெல்லாம் மூடி வைங்க. பேத்தியத் தூக்கிட்டு வெளிய வந்துடுங்க. 'அவ மூச்சுக்கு யார் பொறுப்பு'ன்னு போன தடவை கேட்டீங்களே, அது நியாயமான கேள்வி. புகை அடங்குற வரைக்கும் குழந்தை உள்ள இருக்கக் கூடாது."

தலைவர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கொசுக் காய்ச்சல்தாம்பா. போன வாரம் போயிட்டா."

மெஷினை ஸ்டார்ட் செய்யப் போன கை அப்படியே நின்றது.

"ஏன் நிக்கிற? அடி," என்றார் தலைவர். அந்தக் குரல் பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்காது. "வெளிய தூக்கிட்டு வர யாரும் இல்ல."