லவினியாவுக்கு மூன்றாவது இடம்

“சாப்பாட்டுக் கோப்பையளை எடும். இதை விரிக்க மேசை காணாது,” என்றார் சோதிலிங்கம்.

கமலாம்பிகை கோப்பைகளை எடுத்தார். கார்ஹிங் நகரசபைத் தேர்தலுக்கான வாக்குச்சீட்டு தபாலில் வந்திருந்தது. மடிப்பை நீக்கினால் கட்டில் விரிப்பு அளவு இருந்தது. அத்தனை கட்சிகள், ஒவ்வொன்றின் கீழும் இருபத்துநான்கு பெயர்கள். ஜேர்மனிக்கு வந்து நாற்பது வருடமாகி, போன வருடம்தான் சோதிலிங்கத்துக்குக் குடியுரிமை கிடைத்தது. இந்த நாட்டில் அவர் போடப்போகும் முதல் வாக்கு இது.

கூடவே வந்த விளக்கத்தாளை அவர் வாசிக்கவில்லை. மாதிரிச் சீட்டில் பெயர்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று எழுதியிருந்ததைக் கண்டதும் தலையை ஆட்டினார். எண்பத்திரண்டில் யாழ்ப்பாணத்தில் ஜனாதிபதித் தேர்தலுக்கு அவர் போட்ட வாக்கும் இப்படித்தான். பிடித்தவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு, அதற்கடுத்தவருக்கு மூன்று. இதை ஒரு ஜேர்மன்காரன் வந்து தனக்குப் படிப்பிக்கத் தேவையில்லை என்றார்.

ஒரு பட்டியலில் பதினேழாவது பெயர் லவினியா ஞானப்பிரகாசம். வென்றால், இந்த ஊர்ச் சபையில் உட்காரும் முதல் தமிழ்ப் பிள்ளை. அவளுடைய தகப்பன் ஞானப்பிரகாசமும் சோதிலிங்கமும் அகதி முகாமில் ஒரே அறையில் இரண்டு வருடம் கிடந்தவர்கள். லவினியா பிறந்த அன்று, தாய்க்கு அடுத்தபடி அவளைக் கையில் வாங்கியவர் சோதிலிங்கம்தான்.

“பிள்ளைக்கு முதலாவதாப் போடுங்கோ,” என்றார் கமலாம்பிகை.

“ஏன் போடோணும்? பக்கத்து வீட்டுச் சிவராமனிட்ட வாக்குக் கேட்டு ரெண்டு தரம் போனவள். எங்கட வாசலால நடந்து போனவள், நான் யன்னலுக்குள்ளால பாத்துக்கொண்டு நிண்டனான். உள்ளுக்கு வந்து, மாமா எனக்குப் போடுங்கோ எண்டு ஒரு சொல்லுக் கேட்டவளோ?”

“நீங்கள் தூக்கி வளத்த பிள்ளையப்பா.”

“அதுதான் சொல்லுறன்.”

தன்னுடைய குடியுரிமை விண்ணப்பம் இன்னும் கந்தோரில் தூங்குவதால்தான் இந்த மனிசனிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டு கமலாம்பிகை குசினிக்குள் போய்விட்டார்.

சோதிலிங்கம் பேனையைத் திறந்தார். அதே பட்டியலில், காலையில் காணும்போதெல்லாம் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லும் ஓய்வுபெற்ற தபால்காரர் பவுரின் பெயர் இருந்தது. அவருக்கு 1 போட்டார். சிறுவர் பள்ளி ஆசிரியை ஒருத்திக்கு 2. பிறகு பதினேழாவது பெயரை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் எழுதாமல் விடவும் மனம் வரவில்லை. கடைசியில் 3 என்று எழுதி, உறையை ஒட்டி, தானே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார்.

வாக்கு எண்ணி முடிய இரண்டு நாள் சென்றது. லவினியாவின் கட்சிக்கு ஐந்து இடம். பட்டியலில் அதிக வாக்கு எடுத்த நான்கு பேர் முடிவாகிவிட்டார்கள். ஐந்தாவது இடத்துக்கு லவினியாவும் பவுரும் கிட்டக்கிட்ட நிற்கிறார்கள் என்று சிவராமன் தொலைபேசியில் சொன்னபோது சோதிலிங்கம் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். அவள் தோற்றால், ஞானத்தின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

லவினியா வென்றாள். ஒரேயொரு வாக்கு வித்தியாசத்தில்.

சனிக்கிழமை ஞானப்பிரகாசம் வீட்டில் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியுமாக விருந்து. அந்த ஒரு வாக்கு தன்னுடையதுதான் என்று சிவராமன் சொன்னார். அப்படியென்றால் தங்களுடையது எங்கே போனது என்று மற்றவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். ஞானப்பிரகாசம் எழுந்து வந்து சோதிலிங்கத்தின் தோளில் கை போட்டார்.

“ஒருத்தரும் சண்டை பிடிக்காதேங்கோ. அந்த ஒரு வாக்கு இவன்ர. இவனை நான் கேக்கத் தேவையில்லை.”

சோதிலிங்கத்தால் அங்கே இருக்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிக் குசினிக்குள் வந்தார். அங்கே லவினியா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“பிள்ளை, நீ ஏன் எங்கட வீட்டுக்கு வாக்குக் கேட்டு வரேல்லை?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “வரத்தான் வெளிக்கிட்டனான், மாமா. அப்பா விடேல்லை. சோதி வீட்டுக்குக் கடதாசியும் கையுமாப் போனால் என்ர முகத்தில முழியாதே எண்டிட்டார். சொந்த வீட்டில போய் ஆரும் வாக்குக் கேக்கிறதோ எண்டு.”

சோதிலிங்கம் குசினிக் கதவைச் சாத்தினார்.

“நான் உனக்கு முதலாவதாப் போடேல்லை, பிள்ளை. அந்தத் தபால்கார மனிசனுக்குத்தான் போட்டனான். நீ வரேல்லை எண்ட கோபம். உன்ர அப்பா அங்க சொல்லுறதைக் கேக்க எனக்கு ஏலாமல் கிடக்குது.”

லவினியா தேநீர்க் குவளையைக் கீழே வைத்தாள். கோபிக்கப் போகிறாள் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“மாமா, சரியாச் சொல்லுங்கோ. பவுருக்குப் பக்கத்தில என்ன எழுதினீங்கள்?”

“ஒண்டு.”

“எனக்கு?”

“மூண்டு. மூண்டாவதாத்தான் போட்டனான். மன்னிச்சுக்கொள்ளு.”

அவள் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்தாள்.

“இஞ்ச அது வரிசை இல்லை, மாமா. ஒண்டு எண்டு எழுதினால் ஒரு வாக்கு, மூண்டு எண்டு எழுதினால் மூண்டு வாக்கு. நீங்கள் என்னை முதலாவதாவும் அவரை மூண்டாவதாவும் போட்டிருந்தால், இண்டைக்கு விருந்து பவுர் வீட்டில.”